கூட நடந்தவன்

கல்யாணமாகி மூன்றாம் நாள், ராக்காயி தன் புருஷன் வீரய்யாவோடு, இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையிலிருந்து அவன் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. காட்டு வழியாக மலைமுகட்டில் போகும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்தால் மஸ்கெலியாப் பக்கம் இறங்கிவிடலாம் என்றான் வீரய்யா.

பகல் பதினொரு மணிக்கே முகட்டில் வெளிச்சம் மங்கியிருந்தது. பாசி படர்ந்த குட்டை மரங்கள். அழுகிய இலை வாடை. காலில் சவுக்காரக் கட்டியைத் தேய்த்தும் அட்டைகள் விடவில்லை. நின்று நின்று பிடுங்கிப் போட்டார்கள். இருவர் காலிலும் ரத்தம் வழிந்தது.

"இங்கேயே நில்லு புள்ள. ஊனிக்க ஒரு கம்பு வெட்டிக்கிட்டு வந்துர்றேன்," என்று வீரய்யா பனிமூட்டத்துக்குள் இறங்கினான்.

கத்திச் சத்தம் இரண்டு தரம் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

திரும்பி வந்தவன் கையில் கம்பு இல்லை.

"கெடைக்கலீங்களா?"

"போவோம்."

அதே சட்டை, அதே தலைத்துண்டு. ஆனாலும் மூன்று நாள் பழக்கத்தில் அவன் நடை இதுதானா, குரல் இதுதானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன் மேல் ஏதும் கோபமோ? அட்டை பிடுங்கக்கூட அவன் நிற்கவில்லை. குனிந்து தன் காலைத் துடைத்தவள் அவன் காலைப் பார்த்தாள்.

ஓர் அட்டை இல்லை.

ரத்தத்தின் சுவடும் இல்லை. வெளுத்த பாதம். அது மிதித்த இடத்திலிருந்து அட்டைகள் விலகி ஊர்ந்தன.

சோதித்துப் பார்க்கக் கேட்டாள். "என்னங்க... நம்ம தாலிய எடுத்துக் குடுத்தது யாருங்க?"

அவன் திரும்பவில்லை. "நீயே சொல்லேன்."

அப்போது பின்னால், வெகு தூரத்தில், வீரய்யாவின் குரல். "ஏ புள்ள! எங்க போயிட்ட?"

முன்னால் போனவன் நின்றான்.

"திரும்பிப் பாக்காத," என்றான் மெதுவாக.

அவள் திரும்பி ஓடினாள். வேரில் தடுக்கி விழுந்தாள். தூக்கிய கை சூடாக இருந்தது. வீரய்யாதான். கையில் கம்பு, காலெல்லாம் அட்டை. அவள் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது. பாதையை விட்டு, தேயிலை மலைச் சரிவில் நேராக அவளை இறக்கிக் கூட்டிப் போனான்.

நாலு மணிக்குத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் தெரிந்தன. வீரய்யா பீலியில் விழும் தண்ணீரில் கால் கழுவ நின்றான். அவள் முன்னால் நடந்தாள். கல்யாணத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ராசம்மா சிரித்தபடி எதிரே வந்தாள்.

"வா தங்கச்சி. ஒன்னக் காணோம்னு வீரய்யா தம்பி இப்பத்தான் வந்து தேடிட்டு மறுபடி மேல ஏறிப் போகுது."

ராக்காயி பீலிப் பக்கம் பார்த்தாள். வீரய்யா அங்கேதான் குனிந்திருந்தான்.

"ஒம் பேரு என்னான்னு வேற எங்கிட்டக் கேட்டுச்சு. கட்டுன பொண்டாட்டி பேரு தெரியலையான்னு ஒரே சிரிப்பு எனக்கு."

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேனே."

வீரய்யா கால் கழுவி முடித்து வந்து அவள் அருகில் நின்றான். அவனைக் கண்டதும் ராசம்மாவின் சிரிப்பு நின்றது.

மேலே, காட்டுக்குள்ளிருந்து, அவன் குரலிலேயே யாரோ கூப்பிட்டார்கள்.

"ராக்காயீ..."