நாற்பத்து மூன்று கம்ப்யூட்டர்கள் வீடு மாறிய காலை

விஜயதசமி. காலை 9.40.

"மொதலாளி, நம்ம காலண்டர் படத்த யாரோ எடுத்துட்டாக."

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் முனியராஜ் படியில் நின்று இதைச் சொன்னபோது கனகசபாபதியின் கையில் பொரிகடலை இருந்தது. வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றுவிட்டது. விஸ்வநத்தம் ரோட்டில் அவருடைய அச்சகம். ஓர் ஓவியர் எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்த பன்னிரண்டு முருகன் படங்கள், வேறு எவர் கண்ணிலும் படாமல் அச்சேற வேண்டும். அதுதான் ஆர்டர்.

காலை 11.05. சப்-இன்ஸ்பெக்டர் செல்வலட்சுமி வந்தபோது புகாரே எழுதி முடிந்திருந்தது. எழுதியவர் மேனேஜர் ஸ்ரீராம்குமார், முதலாளியின் தங்கை மகன். சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் முனியராஜின் பேர். கையெழுத்து மட்டும் பாக்கி.

"கம்ப்யூட்டர் அம்புட்டும் இவன் பொறுப்புல இருக்கு மேடம். போட்டிருங்க மாமா."

முனியராஜ் சுவரோடு நின்றான். அந்தக் கையெழுத்து விழுந்தால் சிவகாசியில் எந்தக் கம்பெனியும் அவனை வாசல்படி ஏற்றாது.

"களவு போச்சுன்னு முதல்ல சொன்னது யாரு?"

"இவன்தான்."

"கள்ளனே ஊரைக் கூட்டுவானா?"

"கெட்டிக்காரக் கள்ளன் கூட்டுவான் மேடம்."

செல்வலட்சுமி முனியராஜ் பக்கம் திரும்பினார். "எப்படித் தெரிஞ்சது?"

"டிசைன் பண்ற அனுப்பிரியா கம்ப்யூட்டர்ல 9.11க்கு பென் டிரைவ் சொருகிப் படத்த எடுத்திருக்காக. புது சர்வர் காட்டுச்சு."

"காட்டுங்க."

சின்ன அறை. இரண்டு கறுப்புப் பெட்டிகள், ஒரு திரை.

"இந்தப் பழைய சர்வர்தான் இம்புட்டு நாளா நாப்பத்தி மூணு கம்ப்யூட்டருக்கும் காவல். வைரஸ் வராம, பென் டிரைவ் சொருக விடாம. இது ஓஞ்சுபோச்சு. அதான் எல்லாத்தையும் புதுசுகிட்ட ஒப்படைக்கணும். நேத்து சாயங்காலம் பழசுல ஒரு உத்தரவு போட்டேன். எந்தக் கம்ப்யூட்டர் கண் முழிச்சாலும் முதல்ல பழசுகிட்டதான் வந்து நிக்கும். 'இனிமே உனக்குக் காவல் அங்கன'ன்னு அது விலாசம் சொல்லும். தானாப் போயிரும்."

"யாரும் தூக்கிட்டுப் போக வேண்டாமா?"

"இருந்த எடத்துலயே இருக்கும் மேடம். காவல் மட்டும் மாறும்."

திரையில் நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் நம்பர், அது வந்து சேர்ந்த நேரம். செல்வலட்சுமி தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆளில்லை, வண்டியில்லை. ஓர் ஊரே குடிமாறியிருக்கிறது, ஒரு பாத்திரம் உருளவில்லை.

"எல்லாம் 9.02ல இருந்து 9.06க்குள்ள வந்திருக்கு. ஒண்ணு மட்டும் 9.21," என்று வாசித்தார் செல்வலட்சுமி.

"ஒயர் மோசமா இருக்கும்," என்றார் பின்னால் நின்ற ஸ்ரீராம்குமார்.

"காவல் இருக்கும்போது பென் டிரைவ் எப்படி?"

முனியராஜ் புதுப் பெட்டியைக் காட்டினான். "புதுசுல சேர்ந்ததும் தடைய நான் கையால போடணும். நடுவுல அரைமணி நேரம் தடை இருக்காது."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அனுமதி கேட்டு எழுதுன காகிதத்துலயும் இருக்கு. மேனேஜர் கையெழுத்துப் போட்டாரு."

"தினம் அம்பது காகிதம் வருது. படிச்சா போடுறேன்?"

காலை 11.40. அனுப்பிரியா.

"9.11க்கு எங்க இருந்தீங்க?"

"கீழ, சரசுவதி படத்துக்கிட்ட. பூஜை பிரிச்சதும் அவுகவுக கம்ப்யூட்டரப் போட்டு, பிள்ளையார் சுழியோட ஒரு வரி அடிச்சுட்டுப் பொரி வாங்கப் போயிருவோம்."

"முந்தின ராத்திரி யாராவது போட்டிருக்கலாமே?"

"சந்தனம் குங்குமம் வச்ச பொறவு யாரு மேடம் தொடுவா? எல்லாம் அணைச்சுதான் கெடந்துச்சு. மத்த நாள்ல மூணு ஷிப்டும் ஓடும். வருஷத்துல பூஜையன்னிக்கு ஒரு ராத்திரிதான் அதுகளுக்குத் தூக்கம்."

"முனியராஜ் பொரிக்கு வரலையா?"

"சர்வர் ரூமை விட்டு எந்திரிக்கவே இல்ல. எடுத்து வச்ச பொரி நமத்துப்போச்சு."

காலை 11.55. ஸ்ரீராம்குமார்.

"நானா? ஒம்பது மணிக்கே என் ரூம்ல உக்காந்துட்டேன். கல்கத்தா லோடு லிஸ்ட் அடிச்சேன். ஒம்பதரைக்குத்தான் பொரிக்கு வந்தேன்."

"எந்தக் கம்ப்யூட்டர்ல?"

"இந்தா, பதினேழு. எனக்கு எத்தன இருக்கு?"

பகல் 12.15. கனகசபாபதி பேனாவைத் திறந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்," என்றார் செல்வலட்சுமி. "களவு போன கம்ப்யூட்டரையே எல்லாரும் பார்த்தோம். அது 9.03க்கு ஒழுங்கா வந்துருச்சு. முனியராஜ், 9.21க்கு வந்தது எந்த நம்பர்?"

முனியராஜ் திரையைப் பார்த்தான். விரல் நின்றது. "பதினேழு."

"ஒயர் மோசம்னு அப்பவே சொன்னேன்ல," என்றார் ஸ்ரீராம்குமார்.

"பக்கத்து ரூமுக்கும் அதே ஒயர்தான் சார். அது 9.04க்கு வந்துருச்சு," என்றான் முனியராஜ்.

"மத்த நாளா இருந்தா நானே விட்டிருப்பேன்," என்றார் செல்வலட்சுமி. "ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்குற கம்ப்யூட்டர், எப்ப வேணா புதுசுகிட்ட வந்து சேரும். ஆனா நேத்து பூஜைக்கு அத்தனையும் அணைஞ்சது. அதனால இன்னிக்கு வந்த நேரம்தான் முழிச்ச நேரம். முனியராஜ், முழிச்ச நேரம் பதினேழுலயே பதிவாகி இருக்குமா?"

முனியராஜ் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "9.20க்குத்தான் போட்டிருக்கு மேடம்."

"அணைஞ்சு கெடந்த கம்ப்யூட்டர்ல இருபது நிமிஷம் என்ன லிஸ்ட் அடிச்சீங்க சார்?"

ஸ்ரீராம்குமார் முதலாளியைப் பார்த்தார். செல்வலட்சுமி உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு பென் டிரைவ் வந்து விழுந்தது.

"விருதுநகர்ல சொந்தமா ஒரு பிரஸ் போடலாம்னு... இந்தப் படத்தக் காட்டுனா ஆர்டர் தர்றேன்னாக மாமா."

கனகசபாபதி பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"நாப்பத்தி மூணும் வந்துருச்சான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன் மேடம்," என்றான் முனியராஜ். "எப்ப வந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. நீங்க எப்படி?"

"உங்களுக்கு அது வேலை. நான் அதிசயத்துல ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டு நின்னேன்."

புகாரை அவர் மேசைமேல் நகர்த்தினார். "பேரை மட்டும் அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க அண்ணாச்சி, போதும்."

"வேண்டாம்," என்றார் கனகசபாபதி. "அந்தப் பேரு அடிச்சபடிகூட இதுல இருக்கக் கூடாது. வேற தாள் குடுங்க."

பழையதை நான்காகக் கிழித்தார். புதுத் தாளில் முதலிலிருந்து எழுதி வந்தவர், சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் நின்றார். பிறகு 'என் தங்கை மகன்' என்று தொடங்கி, நிற்காமல் எழுதி முடித்தார்.