அம்மா சொல்லாத பெயர்

பள்ளிக்கூட வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே பாகீரதி காத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுப் போட உள்ளே போன அம்மா விரலில் மையோடு வருவாள் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மா வந்தாள். விரலில் மை இல்லை. முகம்தான் கறுத்திருந்தது.

"போட்டுட்டியாம்மா?"

"இல்லை. வா, அகத்துக்குப் போகலாம்."

"ஏன் போடலை?"

அம்மா சூடாமணி விடுவிடென்று நடந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துத் துணிக்கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கட்டுக்கும் இன்றைய நகரசபைத் தேர்தலுக்கும் சம்பந்தம் உண்டு.

கரமனையில் அவர்கள் தெருக்கோடியில் ஒரு குழாய் நிற்கிறது. பச்சை வர்ணம் பூசிய இரும்புக் குழாய், பித்தளைத் திருகு. பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு அடியில் மண்ணுக்குள் பைப்பே கிடையாது. அந்தத் தெருவுக்கென்று வந்த பைப்பெல்லாம், நகரசபை மெம்பர் கோலப்பன் தம்பானூரில் கட்டிய புது லாட்ஜுக்குப் போய்விட்டது. நகரசபைக் காகிதத்தில் மட்டும், 'குழாய் போட்டாயிற்று, தண்ணீர் வருகிறது' என்று மெம்பரின் கையெழுத்தோடு எழுதியிருந்தது. அவரை எதிர்த்து நிற்கும் சுசீலாபாய் டீச்சர்தான் அந்தக் காகிதத்தைத் தேடிப் பிடித்து, வீடு வீடாக வந்து சொன்னார்.

தண்ணீருக்கு ஆற்றுக்குத்தான் போகவேண்டும். போன மாதம் மழையில் படித்துறை வழுக்கி, இரண்டு குடங்களோடு அம்மா விழுந்தாள். கை ஒடிந்தது. இனி ஐப்பசியில் துலா மழை வந்தால் ஆறு பெருகிப் பாதிப் படிகளை மூடிவிடும். மறுபடியும் மெம்பரே ஜெயித்தால் இன்னும் மூன்று வருஷத்துக்கு அந்தப் படிதான், அந்தக் குடம்தான்.

அதனால்தான் தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் சமையல் சாப்பாட்டை முடித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஓட்டுப்போட வந்திருந்தார்கள். இப்போது ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் விரலிலும் மை இல்லை.

பாகீரதி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன நடந்ததுன்னு சொல்லும்மா."

"என் பேரைக் கேட்டா, சொன்னேன். அப்பறம் அகத்துக்காரர் பேரைக் கேட்டா." அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பாகீரதிக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. தபால்காரர் வந்து கேட்டால்கூட, அம்மா உள்ளே திரும்பி, "பாகீ, உங்கப்பா பேரைச் சொல்லு" என்பாள்.

"காலம்பற யாரையும் கேக்கலையே" என்றாள் பின்னால் வந்த மங்கலம் மாமி. "மத்தியானம், ஆம்பளைகள்ளாம் ஓட்டுப் போட்டுட்டு ஆபீஸ் போனப்பறம்தானே சேஷன் ஆரம்பிச்சார்."

சேஷன் அதே தெருவில் ஐந்தாவது வீட்டுக்காரர். மெம்பரிடம் வேலை பார்ப்பவர். இன்றைக்கு மெம்பரின் ஏஜண்டாக உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருப்பெண்கள் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லமாட்டார்கள் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"ஒவ்வொருத்தி வரச்சேயும், இவா வேற யாரோ, கள்ள ஓட்டாக்கும், பர்த்தா பேரைக் கேளுங்கோ சார்ங்கறார்" என்றாள் மங்கலம் மாமி. "தினம் வாசல்லே பாக்கறேளே மாமான்னு கேட்டேன். நான் தலையைக் குனிஞ்சுண்டு போறவன், ஸ்த்ரீகள் முகமே எனக்குப் பழக்கமில்லைன்னார்."

"டீச்சரோட ஏஜண்ட் ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் பாகீரதி.

"அந்தப் பையன் வேற பேட்டை. யார் யாருன்னு அவனுக்கு என்ன தெரியும்?"

சீதாலக்ஷ்மி மாமி வீட்டுக்கு ஓடி ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். கார்டு யார் கையிலும் இருக்கலாம் என்றாராம் சேஷன். கடைசியில் மாமி, "ஏழு மலைமேலே நிக்கறாரே, அவர் பேர்" என்று சொல்லிப் பார்த்தாளாம். தேர்தல் ஆபீஸர் மலையாளி. லிஸ்டைப் புரட்டிவிட்டு, "மலையிலோ? இதிலே கரமனை என்றல்லே இருக்கு" என்றாராம். வேறு நேரமாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்பாக்கள் ஆபீசிலிருந்து திரும்ப ஐந்தரை ஆகும். அதையும் சேஷன் கணக்குப் போட்டிருப்பார்.

பாகீரதி கடிகாரத்தையும் அம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, அப்பா பேரை நீ சொல்லக்கூடாது. நான் சொல்லலாமோல்லியோ?"

"நீ சொன்னா என்ன? ஸ்கூல்லே தினம் எழுதறியே."

"அப்ப வா."

கயிற்றருகே போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். "குட்டிகளுக்கு ஓட்டில்லா. அங்ஙட்டு மாறி நில்லு."

"எனக்கு ஓட்டு வேண்டாம். அம்மாவுக்குத்தான். மங்கலம் மாமியோட குழந்தையை உள்ளே விட்டேளே."

"அது இடுப்பிலல்லே இருந்தது?"

"அம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருக்கு. என்னைத் தூக்க முடியாது. நான் நடந்தே வரேனே."

போலீஸ்காரர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கயிற்றைத் தூக்கினார்.

உள்ளே மூன்றாம் வகுப்பு அறை. அங்கே ஒரு மேஜை, அதன்மேல் தடித்த லிஸ்ட், அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஆபீஸர். மூலையில் சாக்குத் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் இரண்டு ஓட்டுப் பெட்டிகள்: மெம்பருக்குக் குடைப் படம் ஒட்டிய பெட்டி, டீச்சருக்கு விளக்குப் படம் ஒட்டிய பெட்டி.

அம்மாவைப் பார்த்ததுமே சேஷன் நிமிர்ந்தார். "மறுபடியும் வந்தாச்சா? பர்த்தா பேர் கேளுங்கோ சார்."

"பேரு பறயணும், அம்மா" என்றார் ஆபீஸர் அலுப்போடு.

"நான் சொல்றேன் சார்" என்றாள் பாகீரதி. "இவா என் அம்மா. எங்கப்பா பேரை அம்மா சொல்லமாட்டா, நான் சொல்வேன்."

சேஷன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது என்ன சார் கூத்து? குழந்தைகளுக்கு இங்கே என்ன வேலை?" குனிந்து பாகீரதியின் காதருகே வந்து, குரலைத் தாழ்த்தினார். "ஏண்டி குழந்தே, மெம்பரும் உங்கப்பா ஆபீஸ் மேனேஜரும் தினம் ஒண்ணா காபி சாப்பிடறவா, தெரியுமா? அப்பாவுக்கு நாளைக்கு உத்தியோகம் இருக்கணுமா, வேண்டாமா?"

அப்பாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பேசாமல் போய்விடலாமா? பாகீரதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால், "வா, போகலாம்" என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

"நாகேஸ்வரன்" என்றாள் பாகீரதி. "கதவு நம்பர் பதினெட்டு."

ஆபீஸர் லிஸ்டில் விரலை ஓட்டினார். "சூடாமணி. பர்த்தாவு நாகேஸ்வரன். பதினெட்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆட்சேபணை சார்" என்றார் சேஷன். "ஓட்டர்தான் சொல்லணும்."

"மிஸ்டர் சேஷன், ஆள் இன்னாரென்று எனக்குத் தெரியணும், அத்ரயேயுள்ளு, அவ்வளவுதான். ஒரு குட்டி வந்து இது என்றெ அம்மை என்னு சொல்றாள். அச்சன் பேரும் சரியாயிட்டு சொல்றாள். இதைக்காட்டிலும் எந்தச் சாட்சி வேணும்?"

அம்மாவின் விரலில் மை ஏறியது. சீட்டை வாங்கிக்கொண்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள்.

பாகீரதி அதற்குள் வெளியே ஓடியிருந்தாள்.

தேர்தலுக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் குழந்தைகள் தெருவில் ஒரே இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும் இருந்தார்கள். கோவில் மதில் மேல் மூன்று பேர். படித்துறையில் நான்கு பேர். ஒரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒருவன் ஒளிந்திருந்தான். கண்ணாமூச்சியாம். "ஆட்டம் அப்பறம், உன் அம்மா ஓட்டு இப்ப" என்று காலைப் பிடித்து இழுத்தாள் பாகீரதி.

நாலரை மணிக்கு வரிசையில் ஒவ்வொரு அம்மாவின் கையையும் ஒரு குழந்தை பிடித்துக்கொண்டு நின்றது.

"வெங்கடாசலம்" என்றாள் சீதாலக்ஷ்மி மாமியின் பெண், கணீரென்று. ஆபீஸர் தலையை ஆட்டினார். "ஓ, மலை மேலே நின்னவர்."

மங்கலம் மாமியின் மகனுக்கு நாலு வயது. "நின்றெ அச்சன் பேரு எந்தா?" என்று ஆபீஸர் கேட்டார்.

"அப்பா."

"அது சரி. மத்தவங்க எல்லாம் என்ன கூப்பிடும்?"

"சார்."

சேஷனுக்கு உயிர் வந்தது. "பாருங்கோ, தெரியலை. அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ."

மங்கலம் மாமியின் முகம் வாடிப்போயிற்று. பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்து, யோசித்தான். "தாத்தாவுக்குக் கோபம் வந்தா, 'டேய் அனந்தா'ம்பார்" என்றான்.

"அனந்தநாராயணன்" என்று படித்தார் ஆபீஸர். "மையை எடு" என்றார் பக்கத்தில் இருந்த சிப்பந்தியிடம்.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். வரிசை குறைந்துகொண்டே வந்தது. யாராவது விட்டுப்போயிற்றா என்று பார்க்கப் பாகீரதி இன்னொரு தரம் தெருவுக்கு ஓடினாள். ஆற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள் வாலாம்பாள் மாமி. சேஷனின் மனைவி. மூச்சு வாங்கியது.

"நீங்க ஓட்டுப் போடலையா மாமி?"

"எனக்கு யாரு இருக்காடி பேர் சொல்ல?" மாமி குடத்தை இறக்கி வைத்தாள். அவளுக்குக் குழந்தைகள் கிடையாது. "எல்லாரும் குழந்தை கையைப் பிடிச்சுண்டு போறதைப் பாத்துண்டுதான் இருந்தேன். போறது போ. இது அஞ்சாவது குடம், இன்னும் ரெண்டு கொண்டு வரணும்."

மெம்பரிடம் வேலை பார்ப்பவர் வீட்டிலும் குழாய்த் தண்ணீர் இல்லை என்பதைப் பாகீரதி அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். மாமியைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. நான் வந்து சொல்லலாமா? நான் மாமி பெண் இல்லையே, சேஷன் மாமா விடமாட்டாரே. அவள் நகத்தைக் கடித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாமி, உங்களுக்கு யாரும் பேர் சொல்ல வேண்டாம். பேருக்குச் சொந்தக்காரரே அங்கே உக்காந்திருக்காரே. கையைக் காட்டினா போறும்."

மாமி அவளையே பார்த்தாள். பிறகு ஈரத் தலைப்பைப் பிழிந்து இழுத்துச் செருகிக்கொண்டாள். "குடத்தைப் பாத்துக்கறியா?"

"குடம் எங்கேயும் போகாது மாமி. வாங்கோ, ஓடணும்."

போலீஸ்காரர் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டு, மறுபக்கத்தில் கை வைத்திருந்தார். இருவரும் ஓடி வருவதைக் கண்டு கையை எடுத்தார்.

அறைக்குள் வாலாம்பாள் மாமி நுழைந்ததும் சேஷனுக்கு வியர்த்தது. "நீ எங்கே வந்தே?"

மாமி அவரைத் தாண்டி நடந்தாள். மேஜையருகே போய், "வாலாம்பாள்" என்றாள்.

"பர்த்தாவின் பேரு?"

மாமி கையை நீட்டினாள். ஈரக் கை. விரல் நேராகச் சேஷனைக் காட்டியது. "அதோ உக்காந்திருக்காரே. அவர்தான்."

ஆபீஸர் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார்.

"மிஸ்டர் சேஷன், ஸ்த்ரீகள் முகம் பழக்கமில்லை என்னு சொன்னீரல்லோ. இந்த முகமும் பழக்கமில்லையோ?"

சேஷன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆட்சேபணை உண்டோ? இவங்க வேற யாராவதோ?"

"இல்லை சார்."

"அப்போ ஆரு?"

"என் சம்சாரம்."

"பர்த்தாவின் பேரு?"

"சேஷன்."

"கேக்கலை."

"சேஷன், சார்."

ஆபீஸர் லிஸ்டில் கோடு போட்டார். வாசலில் நின்ற குழந்தைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போலீஸ்காரர் உதட்டின் மேல் விரலை வைத்து அடக்கினார். ஆனால் அவருடைய தோளும் குலுங்கியது. மாமி சீட்டோடு திரைக்குப் பின்னால் போய் வருவதற்கும் ஐந்து மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் பாகீரதி சாப்பிடவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்க உத்தியோகம் போயிடுமாப்பா? மேனேஜரும் மெம்பரும் தினம் காபி சாப்பிடறாளாமே" என்றாள்.

அப்பா யோசித்தார். "எங்க மேனேஜருக்கு வயித்துப் புண்ணு. அவர் காபியைத் தொட்டு ஆறு வருஷமாச்சே" என்றார். பாகீரதி இரண்டு பங்கு சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் ஓட்டு எண்ணினார்கள். பதினேழே ஓட்டு வித்தியாசத்தில் சுசீலாபாய் டீச்சர் ஜெயித்தார். பதவி ஏற்ற மறு வாரமே அந்தக் காகிதத்தை நகரசபையில் எல்லோருக்கும் முன்னால் படித்தார். விசாரணை வந்தது. கடப்பாரையும் மண்வெட்டியும் தெருவுக்கு வந்தன. துலா மழை வலுக்கும் முன்பே பச்சைக் குழாய்க்கு அடியில் நிஜமான பைப்பு போட்டாகிவிட்டது.

முதல் நாள் தண்ணீர் வந்தபோது தெருவே அங்கே கூடியிருந்தது. சேஷனும் வந்திருந்தார். இப்போது அவர் வேலை பார்ப்பது ஒரு மளிகைக் கடையில். அதுவரை கேட்காமல் அடக்கி வைத்திருந்ததை மெல்ல மனைவியிடம் கேட்டார்.

"இப்பவாவது சொல்லு. அன்னிக்கு எந்தப் பெட்டியிலே போட்டே?"

வாலாம்பாள் மாமி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கல்யாணமாகி இருபது வருஷமா உங்க பேரையே நான் சொன்னதில்லை" என்றாள். "பெட்டி பேரையா சொல்லப்போறேன்?"