சின்னக் கை

அரிசி களையும்போது பானுமதியின் வலது கை வளையல்கள் தாமாகவே கழன்று பாத்திரத்துக்குள் விழுந்தன. அவை அப்படி விழக்கூடிய வளையல்கள் அல்ல. சன்னதி வீதிக் கடையில் வளையல்காரர் சோப்பு நுரை தடவி, விரல்களை ஒடித்துவிடுவதுபோல் மடக்கி, படாத பாடு பட்டு ஏற்றிவிட்டவை. இடது கை வளையல்கள் இன்னும் சதையைக் கவ்விக்கொண்டுதான் இருந்தன. ஈரக் கையைத் தூக்கிப் பார்த்தாள். இளைத்துவிட்டோம் போலிருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டாள். ஐம்பதைத் தாண்டியவளுக்கு அதுவும் ஒரு சந்தோஷம்தானே. அப்புறம்தான் உறைத்தது. ஒரு கை மட்டும் எப்படி இளைக்கும்?

மகள் இளமதி அடுத்த வாரம் வருகிறாள். அவள் மெல்போர்னில் பெற்ற பிள்ளையைப் பானுமதி இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறாள். பிரசவத்துக்குப் போக விசா கிடைக்கவில்லை. சம்பந்தியம்மாள் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், இவள் இங்கே உட்கார்ந்து அழுதாள். "அழுவாதம்மா, நான் அங்க வரேன். அதுவரைக்கும் அப்பாவோட எங்கியாவது போயி நாலு ஊரப் பாத்துட்டு வா" என்று மகள்தான் ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்து, இருவரையும் மொராக்கோவுக்கு அனுப்பிவைத்தாள். பேரனைத் தூக்க வேண்டிய நேரத்தில் போயும் போயும் இந்தக் கைக்கா என்னவோ ஆக வேண்டும் என்று புலம்பிக்கொண்டே பானுமதி வளையல்களைக் கழுவி அடுப்பு மேடைமேல் வைத்தாள்.

மொராக்கோவை அவள் குறை சொல்ல மாட்டாள். புளிச்சோற்றுப் பொட்டலமும் ஊறுகாயுமாக ஒரு பஸ் நிறையத் தமிழ்ச் சனம். ஃபெஸ் நகரத்தில் கழுதை வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் குறுகலான சந்துகள். தோல் பதனிடும் தொட்டிகளை மேலிருந்து பார்க்கும்போது நாற்றம் தாங்காமல் மூக்கில் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு கொத்துப் புதினா கொடுத்தார்கள். மலைமேல் ஓர் ஊர் முழுக்க நீலம் பூசியிருந்தது. முகவாயில் பச்சை குத்திய பெர்பர் பழங்குடிக் கிழவிகள் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் போட்டோ எடுக்க, அவள் கணவர் ராஜமாணிக்கம் மட்டும் சுவரில் பதித்த ஓடுகளை நகத்தால் சுரண்டிக்கொண்டு திரிந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்து பிழைக்கிறவரை எங்கே கொண்டுபோய் விட்டாலும் மண்ணைத்தான் பார்ப்பார். ஃபெஸ்ஸில் குயவர்களிடம் கெஞ்சி ஒரு பிடி சாம்பல் நிறக் களிமண்ணைப் பிளாஸ்டிக் கவரில் வாங்கிவந்து, அதை மனைவியின் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

கடைசியாகப் போனது கடலோரத்தில் ஒரு சின்னக் கோட்டை ஊர். மதிலில் பீரங்கிகள், அவற்றின்மேல் கடல்காகங்கள், எங்கே திரும்பினாலும் மத்தி மீன் சுடும் புகை. அங்கே ஒரு பழைய வீட்டுக் கதவின் முன்னால் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினான். கதவில் தட்டுவதற்கு இரண்டு இரும்புகள் தொங்கின. ஒன்று பெரிய வளையம். மற்றது பெண்ணின் கை வடிவில் ஒரு சின்ன இரும்பு. வெளியாள் வளையத்தைத் தட்ட வேண்டும், சத்தம் கனமாக விழும். வீட்டு ஆள் சின்னக் கையைத் தட்ட வேண்டும், சத்தம் மெல்லியதாக வரும். வந்திருப்பது யார் என்று உள்ளே இருக்கிற பெண்கள் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு கதவைத் திறப்பார்கள் என்று அவன் சொன்னதை ராஜமாணிக்கம் தமிழில் சொன்னார். சொல்லும்போதே அவர் கண்கள் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

கூட்டம் நகர்ந்ததும், "பானு, அந்த மண்ண எடு" என்றார். "அச்சு எடுத்துக்கலாம். நம்ம ஊர்ல செஞ்சி போட்டா அள்ளிக்கினு போவாங்க."

"கேக்காம கொள்ளாம அடுத்தவங்க வூட்டுக் கதவுல கைய வெக்கிறதா?"

"இரும்பத் தூக்கிக்கினா போறோம்? சும்மா புடி."

அவள் வலது உள்ளங்கையில் மண்ணைப் பரப்பி நீட்டினாள். அவர் அவள் கையையே பிடித்து, மண்ணோடு அந்த இரும்புக் கையின்மேல் வைத்து அழுத்தினார். மண்ணின் ஒரு பக்கம் இரும்புக் கை பதிந்தது, மறுபக்கம் அவள் உள்ளங்கை பதிந்தது. எடுக்கும்போது இரும்புக் கை லேசாக எழும்பி விழுந்தது. டொக். அவ்வளவு மெல்லிய சத்தம்.

கதவு திறந்தது. முகவாயில் பச்சை குத்திய கிழவி ஒருத்தி. அவள் ராஜமாணிக்கத்தைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை, பானுமதியின் கையை மட்டும் பார்த்தாள். ஏதோ கேட்டாள். திரும்பி ஓடிவந்த வழிகாட்டி தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொல்ல, ராஜமாணிக்கம் சிரித்தார். "உங்க வூட்ல எத்தன பொம்பளைங்கன்னு கேக்குதாம்."

பானுமதி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் அவள் ஒருத்திதானே. கிழவி அந்த விரலையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, துக்க வீட்டில் சாத்துவதுபோல் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் பட்டறையில் அச்சுப் போடும் பச்சமுத்துவிடம் மண்ணைக் கொடுத்தார்கள். இங்கே எந்தப் பொம்மைக்கும் அச்சு இரண்டு பாதிதான், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. "முன்னாடி சரி, பின்னாடிக்கு என்னண்ணே வெக்கிறது?" என்று அவன் கேட்டான். "அதுலயே அக்கா கை பதிஞ்சிருக்குது பாரு, அதையே பின்பக்கமா வெச்சிடு" என்றார் ராஜமாணிக்கம். அப்படித்தான் அந்தக் கை உருவானது. புறங்கை அந்தக் கடலோரத்து வீட்டுடையது. உள்ளங்கை பானுமதியுடையது.

சூளை பிரித்த அன்று பச்சமுத்து அதைத் துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்துவந்தான். வாசற்படி ஏறவில்லை.

"அக்கா, மண்ணு வெந்தா சுருங்கணும். நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அச்சுல எடுத்தது வெந்து வந்தா அதே அச்சுக்குள்ள கடகடன்னு ஆடும். இது அச்சுக்குள்ளயே போவ மாட்டேங்குது."

"என்ன சொல்ற?"

"பெருசா வந்திருக்குதுக்கா. அண்ணங்கிட்ட சொன்னா அளவு தப்புங்கிறாரு. நான் இனிமே இந்த அச்சுல மண்ணு ஊத்த மாட்டேன்."

ராஜமாணிக்கம் கேட்டுவிட்டு, "அவனுக்கு நெனப்பு எங்கியோ இருக்குது" என்றார். அந்தப் பீங்கான் கையைத் துடைத்து, மேலே ஒரு கொக்கி போட்டு, தெருக்கதவில் தொங்கவிட்டார். வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது. அதை அவளாலும் மறுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் தட்டல் கேட்க ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரம், கோயில் மணி ஓய்ந்து, ஜங்ஷனில் ஏதோ ரயில் இழுத்துக்கொண்டு போகும் சத்தமும் அடங்கிய பிறகு, டொக் என்று ஒரு தட்டல், கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவர்தான் பட்டறையிலிருந்து வந்துவிட்டார் என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்த் திறப்பாள். தெருவில் ஆள் இருக்காது. புதினாவும் சுட்ட மீனும் கலந்த ஒரு வாடை மட்டும் அவளைத் தாண்டி வீட்டுக்குள் போகும். சைவம் சமைக்கிற தெருவில் மீன் வாடை ஏது என்று முதல் நாள் யோசித்தாள். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் அவள் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது ராஜமாணிக்கம் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீங்க? கதவு தாப்பா போட்டிருந்துச்சே."

"நீதான தெறந்த." அவர் தலையைத் தூக்கவில்லை. "காபியும் நீதான குடுத்த. என்னா கேள்வி இது?"

அவள் அடுப்பைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. மேடைமேல் அவளுடைய வலது கை வளையல்களைக் கழுவி வைத்திருந்தாளே, அவற்றைக் காணவில்லை.

ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வையுங்கம்மா என்றார்கள், துடைத்து வைத்தாள். வேறு விரலை வையுங்கம்மா என்றார்கள். வலது கையின் ஒரு விரலும் அந்த மெஷினுக்குப் பிடிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, இடது கட்டைவிரலை வைத்துச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு தெருவில் வந்து நின்று, உள்ளங்கையை வெயிலில் விரித்தாள். ரேகை ஒன்றுகூட இல்லை. மெருகு போட்ட பீங்கான் தட்டு வெயிலில் மின்னுவதுபோல் வழவழவென்று மின்னியது. முந்தாநாள் அரிவாள்மனை கட்டைவிரல் அடியில் வெட்டியிருந்தது. அந்தக் காயமும் இல்லை.

வீட்டுக்கு வந்து, கதவில் தொங்கிய கையைத் தூக்கி, மரத்தைப் பார்த்திருந்த பக்கத்தைத் திருப்பினாள்.

ரேகைகள் எல்லாம் அங்கே இருந்தன. ஆயுள் ரேகை, அதைக் குறுக்கே வெட்டும் கோடு, எல்லாம். கட்டைவிரல் அடியில் அரிவாள்மனை வெட்டு. சூளையை விட்டு வந்து எத்தனையோ நாளான பீங்கானில், முந்தாநாள் காயம், ஓரத்தில் இன்னும் சிவப்பாக. அந்தக் கை இப்போது அவள் கை அளவுக்கு வளர்ந்திருந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

அவரிடம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "புள்ள வர நேரத்துல உனக்கு ஏன் இப்புடியெல்லாம் தோணுது? டாக்டரப் பாப்போம்" என்றார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தவர் சட்டென்று விட்டுவிட்டார். ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது என்று கேட்டார். பதில் வருவதற்குள் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

மகள் வரும் நாள் வந்தது. மாலை ரயில். ராஜமாணிக்கம் ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் போனார். பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு எப்படியும் அந்தப் பீங்கான் கையை உடைத்துவிடுவது என்று பானுமதி சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வலது கையில் சுத்தியல் நிற்கவில்லை. விரல்கள் பிடியைச் சுற்றி எட்டவே இல்லை. குழந்தையின் விரல்களாகியிருந்தன அவை. இந்தக் கையில் பேரனை எப்படி வாங்குவேன் என்று சுத்தியலை இடது கைக்கு மாற்றினாள். ஓங்கி அடித்தாள். பீங்கானில் கீறல் விழவில்லை. அவள் வலது மணிக்கட்டில் எலும்பு வரைக்கும் வலி இறங்கியது.

பச்சமுத்து உடைப்பான். அவனுக்குத் தெரியும். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடினாள். பட்டறை பூட்டியிருந்தது. பீங்கான் பேட்டை முழுக்க ஆளரவம் இல்லாமல், உலரவைத்த பொம்மைகள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே நின்று அவன் பெயரைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. ரயில் கூவுவது கேட்டது. பிள்ளை வந்திருக்கும். திரும்பி ஓடினாள்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. அவருடையது. இளமதியுடையது. கைப்பிடி அளவில் ஒரு ஜோடிச் சின்ன ஷூ. உள்ளே விளக்கு எரிந்தது, பேச்சும் சிரிப்பும் கேட்டன. கதவு உள்தாழ்ப்பாள்.

கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கை இல்லை.

அழைப்புமணியை அழுத்தினாள். ஒலிக்கவில்லை. கதவை மெல்லத் தட்டினாள், எப்போதும் தட்டுவதுபோல். விழுந்த சத்தம் அவளுடையதாக இல்லை. கனமான இரும்புச் சத்தம். பெரிய வளையத்தின் சத்தம்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாருங்க அது?" ராஜமாணிக்கத்தின் குரல். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதைக் குரல்.

"நான்தாங்க. பானு. கதவத் தெறங்க."

"யாரு வேணும் உங்களுக்கு?"

"ஏங்க, நான் பானுங்க. உங்க பானு."

"பானு உள்ளதாங்க இருக்கா. இந்த வூட்ல பொம்பள அவ ஒருத்திதான். நீங்க வேற வூடு பாருங்க."

"அம்மா," இளமதியின் குரல், தாழ்ந்து, பயந்து. "வெளில யாரோ உன் பேரச் சொல்றாங்கம்மா."

ஜன்னலுக்கு ஓடினாள். திரை ஒரு விரல் அளவு விலகியிருந்தது. கூடத்தில் விளக்கு வெளிச்சம். அவளுடைய அரக்குப் புடவை. அவளுடைய கொண்டை. முதுகைக் காட்டி நின்றவளின் தோளில் பேரன் சாய்ந்திருந்தான். போனில் பார்த்த அதே சுருட்டை முடி. அதே கன்னம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ஒரு குரல் சொன்னது. அவள் குரல்தான்.

கண்ணாடியில் தட்டினாள். யாரும் திரும்பவில்லை. குழந்தை மட்டும் தூக்கம் சொருகிய கண்களால் அவளைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே கண்ணை மூடினான். அவன் முதுகில், சதையைக் கவ்விய கண்ணாடி வளையல்களோடு ஒரு வெள்ளைக் கை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. டொக். கொஞ்சம் விட்டு, டொக்.