மயில் எச்சரிக்கை

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குமிழ்க் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். காற்று வந்தால் பல் துலக்கப் போவார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்பது தெருமுனைக் கட்டளைத்திரையில் ஓடும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அதை யாரும் படித்ததில்லை. அபாயச் சங்கு ஒன்றும் இருந்தது. குழந்தைகள் தூக்கம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு அதன் வயரைப் பிடுங்கிவிட்டது.

அன்று மாலை குமிழின் கூரையில் விரிசல் விழுந்தது. அரைமணி நேரக் காற்றுதான் மிச்சம். தனிக் காற்று இருப்புள்ள கீழறையில் காற்றுக்கணினியின் முன் இருந்த பொறியாளர் பவளக்கொடி, ‘காற்று கசிகிறது. உடனே கீழறைக்கு வரவும்’ என்று தெருத்திரையில் தெரியும்படி தட்டினாள். கேமராவில் பார்த்தால், தெருவில் ஒருவரும் நிமிரவில்லை.

“வெள்ளையா இருந்தா எவன் பார்ப்பான்? கலர் போடும்மா,” என்றார் பக்கத்தில் நின்ற மேலாளர் செந்தட்டி.

போட்டாள். சொல்லுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத நிறக்குறி ஒன்றைச் சேர்த்தால் எழுத்து சிவக்கும். வரியின் தொடக்கத்துக்கே திரும்பி, சற்றுத் தள்ளி அதன்மேல் மறுபடி எழுதினால் எழுத்து நகரும். அந்த அவசரத்திலும் பவளக்கொடியை ரசனை விடவில்லை. ‘காற்று’ சிவந்து மின்னியது, ‘கசிகிறது’ பச்சையில் நெளிந்தது, புள்ளிகளால் ஆன மயில் ஒன்று தோகை விரித்துக் கீழறைப் பக்கம் நடந்தது.

பலன் உடனே தெரிந்தது. ஊரே திரண்டு வந்து, திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

“சீரியல் செட்டு பிரமாதம்! எந்தச் சாமிக்குத் திருவிழா?” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள் முன்வரிசை யசோதா. அதற்குள் ஒருவன் சுண்டல் விற்கத் தொடங்கிவிட்டான்.

பவளக்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது.

“எல்லாரும் சாகப் போறாங்க சார். வாசிக்கவே மாட்டேங்கிறாங்களே!”

ஆத்திரத்தில் திரையை அணைத்துவிட்டாள்.

தெருவே திரையைத் தட்டிப் பார்த்தது. பிறகு, “யாருடா ஆஃப் பண்ணது?” என்று கொதித்தெழுந்தது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, சுண்டல்காரன் உட்பட மொத்த ஊரும் அவளோடு சண்டை போடக் கீழறைக்கு ஓடிவந்தது. கடைசி ஆள் உள்ளே வந்ததும் செந்தட்டி கதவைச் சாத்தித் தாழிட்டார். வெளியே காற்று தீர்ந்தது. உள்ளே அதை யாரும் கவனிக்கவில்லை. பவளக்கொடியைத் திட்டுவதற்கே நேரம் போதவில்லை.

எந்திரங்கள் விரிசலை அடைத்து முடித்ததும் சங்கம் கூடிப் புதிய பாதுகாப்பு விதி எழுதியது. தினமும் மாலையில் மயில் எச்சரிக்கை தவறாமல் ஓட வேண்டும். உண்மையிலேயே காற்று கசிந்தால் மட்டும் திரையை அணைத்துவிட வேண்டும்.