முகம் லோடாகவில்லை

அப்டேட் போட்ட பிறகு முதலில் கெட்டது நிழல்தான்.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் பொன்மணி சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்தாள். அவளுடைய நிழல் வரவில்லை. யாரோ தரையில் கார்பன் தாளைப் போட்டுவிட்டுப் போன மாதிரி, அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே கறுப்புச் சதுரமாகக் கிடந்தது. செல்வக்குமார் மவுஸை உருட்டி வீட்டை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சதுரம் தானாகவே நகர்ந்து, கூடத்தைக் கடந்து, அவள் காலடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

உச்சிவெயில் நேரம். தீபாவளி சீசன் என்பதால் தெருவில் ஆள் அரவமே இல்லை. ஆணும் பெண்ணும் பட்டாசுக் கம்பெனி வேன்களில் ஏறிப் போயிருந்தார்கள். ஆனைக்குட்டம் ரோட்டை ஒட்டிய அந்த லைன் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தமும், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பழைய ஃபேன் இரையும் சத்தமும், காய்ந்த பிளாஸ்டிக் வாடையும், கதவிடுக்கில் நுழைந்து வரும் கந்தக நெடியும்தான் அவனுக்குத் துணை. பழைய கிராபிக்ஸ் கார்டு, புது அப்டேட். கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தான்.

வெட்டு குத்து இல்லாத விளையாட்டு அது. வீடு ஒன்றைக் கட்ட வேண்டும், அதில் ஆட்களைக் குடிவைக்க வேண்டும், அவர்களைச் சாப்பிட வைத்துத் தூங்க வைத்து வேலைக்கு அனுப்ப வேண்டும். சொப்புச் சாமான் வைத்து விளையாடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உத்தியோகம் புருஷலட்சணம் என்பார்கள். செல்வக்குமாருக்கு அந்த லட்சணம் விளையாட்டுக்குள் மட்டும் இருந்தது. அங்கே அவன் மேனேஜர், கார் வந்து கூட்டிப் போகும். பொன்மணிக்கு மாடி வீடு, நீச்சல் குளம், கத்தரிப்பூ நிறத்தில் உடுப்பு. அங்கே அவள் வேலைக்குப் போக வேண்டியதே இல்லை.

நிஜப் பொன்மணி, அவன் மனைவி, விடிந்தும் விடியாமலும் வேன் ஏறி, அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கப் போனாள். அவன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது மிஞ்சியது இந்த ஒரு பெட்டிதான். அதில் ஒரு அச்சாபீசுக்குப் பட்டாசு லேபிள் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு அவர்களே சம்பளத்துக்கு ஆள் போட்டுக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே அதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டான். நாளைக்கு என்பது நீண்டுகொண்டே போனது. அவளோ வேனில் போகிற பெண்களிடமெல்லாம், எங்க வீட்டுல கம்ப்யூட்டர்ல ஆர்டர் எடுத்துப் பண்றாக என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டதும் அவன் விளையாட்டை மூடிவிட்டு, பழைய மயில் லேபிள் ஒன்றைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து உட்காருவான். திருட்டுப் பாலைக் குடிக்கிற பூனைக்காவது கண்ணை மூடிக்கொள்ளத் தெரியும். இவனுக்குத் தலையைக் குனிய மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் விளையாட்டில் பொன்மணியின் விரல் நுனிகள் வெள்ளியாக மின்னின. அதற்கடுத்த நாள் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. பிறகு கழுத்து.

பார்த்ததும் அவனுக்கு வந்த யோசனை சிவகாசிக்காரனுக்கு மட்டுமே வரக்கூடியது. கம்பெனியிலிருந்து திரும்பும் பொன்மணிமேல் மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் அப்படித்தான் ஒட்டியிருக்கும்: விரல், முழங்கை, கழுத்து. அந்தப் பவுடர்தான் காற்றில் பறந்து பெட்டிக்குள் இறங்கி, கார்டில் படிந்து, படத்தைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினான்.

"பொன்மணி," என்றான் அன்று சாயங்காலம், மயிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமே வந்ததும் பின்வாசல்ல குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும். ஒம் மேல இருக்குற பவுடரு பொட்டிக்குள்ள போயிருது. இந்த ரூம் பக்கமே வராத."

வாசலில் அவள் நின்றுவிட்டது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. கையில் தூக்குவாளி ஆடி ஓய்ந்தது.

"அப்படியா. எனக்குத் தெரியாமப் போச்சே. ஆர்டரு கெட்டுப்போனா பார்ட்டிகாரக வைவாகல்ல," என்றாள். "நான் சுத்திக்கிட்டுப் பின்னாடியே வந்துக்கிடுறேன். நீங்க பாருங்க."

இல்லாத பார்ட்டிக்காகத் தன் வீட்டுக்குள் நுழையாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் சம்பளத்தில் வாடகை கட்டும் வீடு. செல்வக்குமாருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் எழுந்து போய்க் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். தூசி இருந்தது, சிலந்தி வலை இருந்தது, வெள்ளி இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. அப்டேட் சிடி கொடுத்த தங்கச்சாமி பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவன், கூடப் படித்தவன். அவனுக்குப் போன் போட்டான்.

"ஏலே, பவுடருமில்ல ஒண்ணுமில்ல," என்று தங்கச்சாமி சிரித்தான். "ஒன் கார்டு அரதப்பழசு. புது அப்டேட்ட அது தாங்காது. ஆளு மேல ஒட்டுற தோலு லோடாகாது, வெறும் உருவந்தான் நிக்கும். போகப் போக மூஞ்சியும் போயிரும்லே."

"பழசையே திரும்பப் போட்டா?"

"புதுசுல சேவ் பண்ணினது பழசுல தெறக்காது. குடும்பத்த அழிச்சிட்டு மொதல்லருந்து ஆரம்பி. அதென்ன ஒனக்குப் பொண்டாட்டியா?"

போனை வைத்துவிட்டான். தப்பு பொன்மணிமேல் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் பவுடர் காரணமில்லை என்று அவளிடம் சொன்னால், எது காரணம் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் அன்றும் அவள் பின்வாசலில்தான் குளித்தாள். ஐப்பசி ஈரக்காற்றில் அவளுக்குப் பல் கிட்டிக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

தங்கச்சாமி சொன்னபடியே முகம் போனது.

காலையில் விளையாட்டைத் திறந்தபோது பொன்மணி மாடி வீட்டின் கூடத்தில் நின்றிருந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே வழவழப்பு. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் கும்பா மாதிரி. கூந்தல் மட்டும் ஒழுங்காக இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கார்டு கோளாறு என்று வாய்விட்டே சொன்னான். அந்த விளையாட்டில் ஆளைக் கண்ணாடி முன் நிறுத்தினால் முகத்தைத் திருத்தலாம். நிறுத்தினான். மூக்குகள் வரிசையாக வந்தன. கண்கள் வந்தன. தேர்ந்தெடுக்கச் சொல்லிக் காத்திருந்தன.

பொன்மணியின் மூக்கு எப்படி இருக்கும்?

யோசித்தான். கூர்மூக்கா, சப்பையா? மூக்குத்தி உண்டு. வலது பக்கமா, இடது பக்கமா? கண்ணை மூடிப் பார்த்தான். அவளுடைய பாதம் ஞாபகம் வந்தது, மிஞ்சி தேய்ந்த விரலோடு. சேலைக் கரை வந்தது. தட்டை நகர்த்தி வைக்கும் கையும் நகக்கண்ணில் போகாமல் நிற்கும் வெள்ளியும் வந்தன. குரல் வந்தது. முகம் வரவில்லை. குனிந்த தலையோடு அவன் இத்தனை மாதம் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான். கட்டின மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தனியாக இருந்தும் வெட்கத்தில் காது சுட்டது.

பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்தான். மழை ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் கிழியும் என்று தெரிந்தும் பிரித்தான். மாலை இருந்தது, பட்டு இருந்தது, பக்கத்தில் இளித்துக்கொண்டு அவன் இருந்தான். அவள் முகம் இருந்த இடம் மட்டும் உரிந்து வெள்ளைத் தாளாக நின்றது. அடுத்த பக்கம். அதுவும் அப்படியே. அடுத்தது. அதுவும். அவளுடைய வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்தான். எல்லோரையும் ஒரே கறுப்பாகக் காட்டும் அட்டை அது. அதில் இருந்தது தலையின் விளிம்பு மட்டுமே.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கண்ணாடி முன் நிறுத்திய பொன்மணி அங்கே இல்லை. திரைக்குள் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றிருந்தாள். மவுஸை உருட்டினான். வீடு சுழன்றது, சுவர்கள் சுழன்றன, நீச்சல் குளம் சுழன்றது. அவள் சுழலவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இவனைப் பார்த்தே நின்றாள். பார்ப்பதற்குக் கண் வேண்டுமே. இல்லை. ஆனாலும் பார்த்தாள். மேலிருந்து பார்க்கிற மாதிரி திருப்பினான். அண்ணாந்து நின்றாள். கொஞ்சம் கிட்டே வந்திருந்தாள்.

கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டான். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. கறுத்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது: கண், மூக்கு, மீசை, எல்லாம் இருந்த இடத்தில். அதில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்ததற்காகவும் வெட்கப்பட்டான்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். அவள் முகத்தைப் பார்த்து. வேறு எதற்காக இல்லாவிட்டாலும், அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு.

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் போனது. சற்றுப் பொறுத்து வேன் ஹாரன். சுவரோரமாகக் காலடி சுற்றிக்கொண்டு போனது. வாளி தரையில் உட்காரும் சத்தம். அவள் குளித்து முடிக்கும் வரைக்கும் வீட்டில் தீக்குச்சி உரசக் கூடாது. மருந்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு வழக்கம் அது. இருட்டிலேயே சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் தீப்பெட்டி.

தண்ணீர் விழுந்தது. தேய்க்கும் சத்தம். மறுபடி தண்ணீர். பீர்க்கங்கூட்டில் சோப்பைப் போட்டுத் தேய்க்கிற சத்தம், நின்று நின்று, வெகு நேரம் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் எதைத் தேய்க்கிறாள்?

"பொன்மணி," என்றான்.

"இந்தா வந்திட்டேன். இன்னைக்கு என்னமோ போகவே மாட்டேங்கு."

சத்தம் நின்றது. கதவு நகர்ந்தது. ஈரக்கால் தரையில் பதிந்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தது. லைபாய் சோப்பு வாசனை. அதற்கடியில் கந்தகம்.

"சாப்பிட்டீகளா?"

அதற்குப் பதில் சொல்லாமல் அவன் சொல்லத் தொடங்கினான். இருட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அச்சாபீசு ஆள் போட்டது. ஆர்டர் என்று ஒன்றும் இல்லாதது. பகலெல்லாம் விளையாடுவது. பவுடர் என்று பழி போட்டது. விடாமல் சொல்லி முடித்தான்.

அவள் கூந்தலிலிருந்து நீர் சொட்டியது.

"எனக்கு அப்பவே தெரியும்ங்க," என்றாள். "பிரஸ்ல ஆளு வச்சிட்டாகன்னு அந்த வாரமே வேன்ல பேசிக்கிட்டாக. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"சொல்லுறதையும் தரையப் பாத்தே சொல்லுறீக. எம்புட்டு நாளாச்சு. இப்பவாச்சும் என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

குளித்துவிட்டாள். இனி உரசலாம். குச்சி முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை பற்றியது. மெழுகுவர்த்தியை ஏற்றித் தரையில் நிறுத்தினான். பாதம் தெரிந்தது. சேலைக் கரை தெரிந்தது. மடியில் கோத்த கைகள் தெரிந்தன, சுத்தமாக, நகக்கண் முதற்கொண்டு. செல்வக்குமார் தலையை நிமிர்த்தினான்.

ஈரக்கூந்தல். இரண்டு காது. நடுவே வெள்ளி. வழவழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல். மெழுகுச் சுடர் அதில் ஆடியது.

"ஏன் அப்படிப் பாக்கீக?" என்றது அவளுடைய குரல், அன்பாக, அங்கிருந்தே. "மூஞ்சில எதுவும் ஒட்டியிருக்கா?"

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினான்.

தோளில் கிடந்த துண்டின் முனையை அவள் எடுத்தாள். அவன் கையைப் பிடித்து அதில் திணித்தாள். சூடான கை, நிஜக் கை. கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, குழந்தை முகம் காட்டுவதுபோல அந்த வழவழப்பை அவன்முன் நீட்டினாள்.

"தொடச்சு விடுங்க."

துடைத்தான். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், எங்கேயும் தடுக்காமல், துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது.

"போயிருச்சா?"

மறுபடி துடைத்தான்.