இனிஷியல் மாறிய நரம்பு

காலை எட்டு மணிக்கு வளர்தட்டுகளுக்குச் சத்துநீர் மாற்றுவது என் வேலை. கோவையில் வண்டி ஓட்டும் எவருக்கும் எங்கள் ஆய்வகத்தில் ஒரு தட்டு உண்டு. தோலில் துளி கிள்ளி, அதை இயக்க நரம்பாக வளர்ப்போம், பெயர் முன்நரம்பு. உடம்புக்கு ஒரு வருடம் என்றால் தட்டில் அது ஒரே மாதம். முன்நரம்பு சுருங்கினால் ஆளுக்கும் கை தளரப்போகிறது என்று பொருள். லைசென்ஸை வாங்கிக்கொண்டு, கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவோம். சட்டம் அப்படி.

அன்று த. சாரதாமணியின் தட்டு சுருங்கியிருந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிற பெண், முப்பது வயது. எதிரே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸை வாங்கி மேசையில் வைத்தேன்.

"வண்டிய விட்டா எனக்கு வேற ஒண்ணுந் தெரியாதுங்க டாக்டர். பழைய தட்டையும் ஒருக்கா பாத்துருங்க."

"எந்தப் பழைய தட்டு கண்ணு?"

"கல்யாணத்துக்கு முந்தி குடுத்தனுங்களே. அப்ப எங்கப்பா பேரு, கு. சாரதாமணி. தங்கவேலுவக் கட்டுனப்புறந்தான் த.ன்னு மாத்துனாங்க."

கு.வையும் த.வையும் இரண்டு பெண்கள் என்றே நம்பி வந்திருக்கிறோம். பட்டம் வாங்கிய பதினான்கு பேர் வேலை பார்க்கிற இடம் இது. கு.வின் தட்டை எடுத்து வந்தேன். மூன்று வருடத் தட்டு. நரம்பு கொழுகொழுவென்று இருந்தது.

ஒரே ஆள், ஒரே மரபணு. அதில் பழுது என்றால் இரண்டு தட்டும் சுருங்கியிருக்க வேண்டும். அப்படியானால் நோய்க்குக் காரணம் மரபணு மட்டும் இல்லை. பதிவேட்டைப் புரட்டினேன். பழைய தட்டுகளில் நரம்போடு தசைச் செல்லையும் வளர்த்திருக்கிறோம். தசை துடித்துப் படம் கலங்குகிறது என்று இரண்டு வருடம் முன்பு அதை நிறுத்தியது நான்தான். இழுக்கத் தசை இல்லாமல் நரம்பு சும்மா கிடந்து சுருங்கியிருக்கிறது.

த.வின் தட்டில் தசை சேர்த்துப் பதினைந்து நாள் காத்திருந்தோம். நரம்பு மறுபடி நீண்டது. சாரதாமணியைக் கூப்பிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப நாளைக்கு வண்டி எடுக்கலாங்களா?"

"எடு சாமி. கைய மட்டும் சும்மா வெச்சுராத."

அவள் சிரித்ததில் எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் தசையை நிறுத்தியதிலிருந்து முந்நூற்றுப் பதினோரு பேரை ஓய்வுக்கு அனுப்பியிருக்கிறோம். எல்லோரையும் எழுந்து கையை வீசச் சொல்ல வேண்டும். முதலில் என் கணவரை அழைத்தேன்; போன வருடம் வரை லாரி ஓட்டியவர், அவரும் அந்தப் பட்டியலில் ஒருவர். டம்ளரைக்கூடத் தூக்கவிடாமல், ஒரு வருடமாக அவருக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன்.