சார்டொனே கோப்பையில் கண்ணாடி

2006 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. துபாயில், கனகரத்தினத்தின் அல் குசைஸ் அறைக்கு வந்த வீரபாண்டி, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தான்.

“நாளைக்குக் காலையில ஃபிளைட்டு அய்யா. அண்ணன் ஒடம்பு இருக்குற பொட்டியும் அதுலதான் வருது. அண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. உங்கண்ணன் ஒரு மனுசனுக்குக் கண்ணாடியக் குடிக்கக் குடுத்தது நெசமான்னு. நான் என்னத்தச் சொல்ல?”

கனகரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். உணவுப் பரிசோதனைக் கூடமொன்றில் பதினான்கு வருடமாக வேலை. பாலில் எது கலந்தாலும், பழரசத்தில் எது கலந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவசரப்படுவது மட்டும் அவருக்கு வராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நெய்னா முகம்மது இருந்தான். மாதிரிகள் கொண்டுவரும் வண்டியின் டிரைவர். பாதி கதை கேட்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுகிற ரகம்.

“இருங்கோ. முதல்ல இருந்து சொல்லுங்கோ தம்பி,” என்றார் கனகரத்தினம்.

அண்ணன் அம்மையப்பன் தேராவில் ஒரு ஹோட்டலின் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருடம் ஒயின் பெட்டிகளை அடுக்கியவன், ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. விருந்தினர் மேசைப் பக்கம் போனதும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் சார்டொனே என்ற வெள்ளை ஒயின் குடித்த ஒரு விருந்தினரின் கோப்பையடியில் பளபளவென்று துணுக்குகள் கிடந்தன. கண்ணாடி என்று ஒரே கூச்சல். பாதி குடித்திருந்த அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம்தான் அம்மையப்பன் கோப்பைகளைத் துடைக்கும்போது ஒன்றை உடைத்திருந்தான். கூச்சலைக் கேட்டதும் ‘என்னாலதான்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். வேலை போயிற்று. தொழிலாளர் கேம்ப் அறையில் சோறு இறங்காமல் கிடந்தவன், பத்தாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான்.

“அந்த ஆளு பொழைச்சாரா, பொழைச்சாரான்னே கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு அய்யா.”

“யாரோ வேணும்னே போட்டிருக்காங்க சார்!” என்று நெய்னா எழுந்துவிட்டான்.

“முதல்ல பொருளைப் பாப்பம்.”

அண்ணனின் சாமான்களை வாங்க வந்ததாகச் சொன்னதால் மூவரையும் ஹோட்டல் ஸ்டோருக்குள் விட்டார்கள். ஒயின் பரிமாறும் பிரிவின் மேலாளர் வெங்கட்ராமன் கோட்டில் ஒயின் படிப்புக்கான பேட்ஜ் குத்தியிருந்தார். கனகரத்தினம் கேட்டுக்கொண்டதும், அன்று எடுத்துவைத்த அட்டைப்பெட்டியை மனமில்லாமல் மேசைமேல் வைத்தார். காலி பாட்டில், அதன் கார்க், துணுக்குகள் இருந்த சின்ன பிளாஸ்டிக் பை, அம்மையப்பன் கையெழுத்துப் போட்ட காகிதம். நெய்னா பாட்டிலை ஒரு முழம் தள்ளி நின்றே பார்த்தான்.

கனகரத்தினம் கார்க்கைத் திருப்பினார். ஒயின் பட்ட பக்கத்தில் அதே துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“இந்த பாட்டிலை எங்க வைச்சுத் திறந்தனீங்கள்?”

“விருந்தாளி முன்னாடிதான். அதுதானே முறை.”

“கோப்பை உடைஞ்ச கண்ணாடி, மூடியிருந்த கார்க்கில எப்பிடி ஒட்டினது?”

கனகரத்தினம் ஒயினைக் குளிர வைக்கும், கண்ணாடிக் கதவு போட்ட சில்லர் பக்கம் போனார். இரண்டு டிகிரி காட்டியது. அந்தக் காலி பாட்டிலோடு ஒரே பெட்டியில் வந்த, திறக்காத பாட்டில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் துணுக்குகள் மின்னின. பக்கத்தில் வெயில் நாட்டு ஒயின் பாட்டில் ஒன்று. அதிலும் சார்டொனே என்றுதான் போட்டிருந்தது. அதில் எதுவும் இல்லை.

“நெய்னா, கெட்டில்ல சுடுதண்ணி கிடக்கோ?”

பையிலிருந்த துணுக்குகளில் பாதியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

“கண்ணாடி கரையாது தம்பி,” என்றார் வீரபாண்டியிடம். “ரெண்டு பாட்டிலும் ஒரே சாதித் திராட்சை. ஆனா இது வடக்கு ஃபிரான்ஸ். குளிர் ஊர், சிப்பியோடு கலந்த சுண்ணாம்பு மண். அங்க பழம் மெல்லத்தான் கனியும், புளிப்பு அப்பிடியே நிக்கும். வெயில் ஊரில அதே பழம் கெதியாப் பழுத்து, புளிப்புக் குறைஞ்சு இனிப்பு ஏறும். வேர் மண்ணில இருந்து பொட்டாசியத்தை உறிஞ்சும். அதுவும் புளிப்பும் சேர்ந்த உப்பு, கடுங்குளிர் பட்டா இப்பிடிக் கல்லா இறங்கும். பெரிய கம்பெனிக்காரர் முதலே குளிர வைச்சு வடிச்செடுப்பினம். இது சின்னத் தோட்டத்துச் சரக்கு, அப்பிடியே விட்டிருக்கினம். விழுங்கினாலும் ஒண்டும் செய்யாது.”

“அப்ப கேஸ் முடிஞ்சது சார்! குத்தவாளியே இல்ல!”

“முடியேல்லை.” கனகரத்தினம் வெங்கட்ராமன் பக்கம் திரும்பினார். “கார்க்கை இழுத்தது நீங்கள். இந்தப் படிப்பில இதைச் சொல்லித்தராமல் விடமாட்டினம். பாத்த உடன விளங்கியிருக்கும். பிறகு ஏன் பாட்டிலைப் பற்றி அந்தக் காகிதத்தில ஒரு சொல்லும் இல்லை? சில்லரை ரெண்டு டிகிரிக்கு இறக்கினது ஆர்?”

வெங்கட்ராமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான்தான் சார். அதுக்கு முந்தின மாசம் சில்லர் ரிப்பேராகி ஒரு பெட்டி கெட்டுப்போச்சு. பயத்துல ரொம்பக் குறைச்சுட்டேன். அந்த விருந்தாளி பெரிய இடம். ஒயின் மேல தப்புன்னா என் வேலை போயிடும். அம்மையப்பன் தானா வந்து, நான்தான் உடைச்சேன்னு அழுதான். ஒரு மாசம் கழிச்சு மறுபடி வேலைக்கு எடுத்துக்கலாம்னு நினைச்சேன். செத்துப்போவான்னு நினைக்கலை.”

“அந்த ஆளு என்ன ஆனாரு?” என்று கேட்டான் வீரபாண்டி.

“மறுநாளே டிஸ்சார்ஜ். நல்லாத்தான் ஊருக்குப் போனார்.”

“மறுநாளா?” வீரபாண்டி கை ஓங்கவில்லை. சத்தமும் போடவில்லை. “அதுக்கப்பறம் எங்கண்ணன் ஒம்பது நாள் உசுரோட இருந்துச்சு சார். கேம்ப்ல போன் இருக்கு.”

கனகரத்தினம் ஒரு வெள்ளைத் தாளை வெங்கட்ராமன் முன் தள்ளினார். அவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெய்னாவுக்கு அழுகை வந்துவிட்டது.

வீரபாண்டி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டான்.

“அண்ணி, அது கண்ணாடியே இல்லையாம். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. எழுதி வாங்கிட்டேன்.”

மறுமுனையில் அண்ணி சுந்தராம்பாள் அழுவது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

“அது உங்கண்ணனுக்குத் தெரியுமாப்பா?”

வீரபாண்டி கனகரத்தினத்தைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியும் அண்ணி,” என்றான் வீரபாண்டி. “தெரிஞ்சுக்கிட்டுத்தான் அண்ணன் போச்சு.”